சுறாப் பல்லா, வெறும் கல்லா? காரைப் பகுதியின் மீன் புதைபடிவங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, குளக்காநத்தம் பகுதிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதே ஐயங்கள் வேறு வேறு வாய்களிலிருந்து வருகின்றன. ஊர் திரும்பிய பின்னும் கைப்பேசியில் படங்களும் கேள்விகளும் தொடர்கின்றன. பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

ஓடையில் கூர்மையான ஒரு கல்லை எடுத்தேன். இது பல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூர்மையைப் பார்க்காதீர்கள்; இரண்டு விதமான பொருள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுறாப் பல்லின் மேற்பகுதியான பல்முடி கண்ணாடி போல் வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். கீழ்ப்பகுதியான வேர் மங்கலாகவும், நுண்துளைகளோடும், சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். உடைந்த பாறைச் சில்லு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்த வேறுபாட்டைக் காட்டாது, ஏனெனில் அது முழுவதும் ஒரே பொருள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் பாதி ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும். நகத்தால் கீறினால் கோடு விழுகிறதென்றால் அது ஜிப்சம் என்ற மென்மையான கனிமம். காரைக் களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது, அதன் படிகங்கள் வெயிலில் பல் போலவே மின்னும். பல்லின் பளபளப்பான பகுதியில் நகம் எந்தத் தடயத்தையும் விடாது.

துப்பாக்கிக் குண்டு போல நீளமாக, ஒரு முனை கூராக நிறையக் கிடைக்கின்றனவே, அவை சுறாப் பற்கள் இல்லையா?

இல்லை. அவை பெலெம்னைட்டுகள். கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன ஓர் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி அது. காரைப் பகுதியின் வெடித்த களிமண் மேடுகளில் முதன்முறை வருபவர் கையில் ஏறுவது பெரும்பாலும் இதுதான். உடைந்த முனையைப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல இழைகள் விரிந்து செல்லும். எந்தச் சுறாப் பல்லிலும் இந்த அமைப்பு கிடையாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பெலெம்னைட் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் நுரைக்கும். பல் பாஸ்பேட்டால் ஆனது, அப்படி நுரைக்காது. ஆனால் அமிலம் பல்லையும் மெல்ல அரிக்கும் என்பதால், இந்தச் சோதனையை உடைந்த துண்டில் மட்டும் செய்யுங்கள். நல்ல மாதிரியில் ஒருபோதும் வேண்டாம்.

காரையிலிருந்து கடல் எவ்வளவோ தொலைவில் இருக்கிறது. அங்கே சுறா எப்படி வந்தது?

இன்றைய கடற்கரை கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது உண்மை. ஆனால் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில், இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்து விலகிய பிறகு, காவிரிப் படுகை என்று இன்று அழைக்கப்படும் தாழ்ந்த நிலப்பகுதிக்குள் கடல் புகுந்தது. மேற்கே இருந்த பழைய பாறை நிலம் அந்தக் கடலின் கரையாக இருந்தது. காரைக் களிமண் படிந்தது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக முதலில் பிரித்தவர் எச். எஃப். பிளான்ஃபோர்டு, அவருடைய அறிக்கை 1862இல் வெளிவந்தது. காரைக் களிமண் இவற்றுள் மிகப் பழையதான ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. அரியலூர்த் தொகுதி அதைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையது. ஆகவே ‘அரியலூர்ப் பக்கம் கிடைத்தது’ என்று சொன்னால் போதாது. எந்த ஊர், எந்த ஓடை, எந்த நிறப் படுகை (பாறை அடுக்கு) என்பது பல்லின் பெயரில் பாதி.

ஏன் பற்கள் மட்டும் கிடைக்கின்றன? ஒரு முழுச் சுறா கிடைக்காதா?

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. இறந்தவுடன் அது அழுகிச் சிதைந்துவிடும். பல்லோ தொடக்கத்திலேயே உறுதியான ஃபுளோரைடு கலந்த பாஸ்பேட் உறையைக் கொண்டது, புதைந்த பிறகு அதிகம் மாறவேண்டிய தேவையே அதற்கு இல்லை. அதோடு சுறா தன் வாழ்நாள் முழுவதும் பற்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. முன்வரிசைப் பல் விழ, பின்வரிசைப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பும். ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் விட்டுச் செல்லும்போது, நமக்குக் கிடைப்பவை பற்களாக இருப்பதில் வியப்பில்லை.

சுண்ணாம்பு ஏறிய முதுகெலும்பு வட்டுகள் சில நேரம் கிடைக்கும். அவை இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும்: இதே பாறைத் தொகுதியில் மீன் வடிவக் கடல் ஊர்வனவான இக்தியோசாரின் முதுகெலும்புகளும் உண்டு. ரிச்சர்டு லிடெக்கர் 1879இல் இந்தியாவின் இக்தியோசாருக்குப் பெயரிட்டது திருச்சிராப்பள்ளிப் பகுதியில் கிடைத்த அத்தகைய முதுகெலும்புகளை வைத்துத்தான். அவையும் இரு பக்கமும் குழிந்த வட்டுகளே. ஆனால் இக்தியோசார் வட்டின் உடைந்த பகுதியில் எலும்புக்குரிய பஞ்சு அமைப்பு தெரியும், பக்கவாட்டில் விலா எலும்பு பொருந்திய மேடுகள் இருக்கும். சுறா வட்டில் விலா பொருந்தும் அத்தகைய மேடு இருக்காது.

பல்லில் எது முன்பக்கம், எது பின்பக்கம்? படத்தை எப்படி வைத்து எடுப்பது?

வாய்க்கு வெளியே, உதட்டை நோக்கி இருந்த பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். நாக்கை நோக்கி இருந்த பக்கம் குவிந்திருக்கும். வேரின் புடைப்பும், அதன் நடுவே இரத்தக்குழாய் நுழைந்த துளை அல்லது பள்ளமும் நாக்குப் பக்கத்திலேயே தெரியும். பெயர் கண்டுபிடிக்க உதவும் அடையாளங்களில் பல அந்தப் பக்கத்தில் இருப்பதால், ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்றால் நாக்குப் பக்கத்தை எடுங்கள்.

முடிந்தால் நான்கு படங்கள் எடுப்பது நல்லது: உதட்டுப் பக்கம், நாக்குப் பக்கம், பக்கவாட்டுத் தோற்றம், வேரின் அடிப்பகுதி. ஒவ்வொன்றிலும் அருகே ஓர் அளவுகோல் இருக்கட்டும். நாணயத்தை வைத்து எடுக்கிறார்கள். ஒரு ரூபாய் நாணயமே பல அளவுகளில் வந்திருக்கிறது என்பதால் மில்லிமீட்டர் கோடுகள் உள்ள அளவுகோலே மேல். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் விளிம்பின் நுண்பற்கள் தெளிவாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் எனாமல் பளீரென்று மின்னி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

சுறாப் பல்லையும் மற்ற மீன்களின் பல்லையும் எப்படிப் பிரிப்பது? ஊர்வனவற்றின் பல்லாகவும் இருக்கலாமே?

வேரைப் பாருங்கள். சுறாப் பல் தாடை எலும்பில் பதிந்திருப்பதில்லை. ஈறின் தோலில் நிற்கிறது. அதனால் அதற்கு அகன்ற, பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரிந்த வேர் உண்டு, பல் விழும்போது வேரும் சேர்ந்தே விழும். எலும்பு மீன்களின் பல் தாடை எலும்போடு ஒட்டி வளர்வது. சீலா மீனின் தாடையைச் சந்தையில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் புதைபடிவத்தில் எலும்பு மீனின் பல் பெரும்பாலும் அடியில் முறிந்த கூம்பாகவோ, தாடைத் துண்டோடு ஒட்டியபடியோ கிடைக்கும். கிரெட்டேசியக் கடல்களில் வாழ்ந்த எங்கோடஸ் என்ற மீனின் நீண்ட கோரைப்பல்லைச் சுறாப் பல் என்று பலர் நினைப்பதுண்டு; அதில் இரு கிளை வேர் இருக்காது.

இக்தியோசார் பல் தடித்த கூம்பு. அதன் முடியில் நீளவாக்கில் வரிகள் ஓடும், வேர் பருத்து மடிப்பு மடிப்பாக இருக்கும். அவரைக்கொட்டை போல் உருண்டு, மேலே தேய்ந்து, அடியில் குழிந்த சிறு பற்கள் கிடைத்தால் அவை பிக்னோடான்ட் வகை மீன்களுடையவையாக இருக்கலாம். ஓடுகளை நொறுக்கித் தின்ற மீன்கள் அவை.

காரையில் எந்தெந்தச் சுறாக்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன?

இந்தப் பகுதியின் மீன் எச்சங்களைப் பற்றிய ஆய்வு பழமையானது. கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிப் பகுதிப் படுகைகளில் திரட்டிய மீன் எச்சங்களை 1845இலேயே பிலிப் எகர்ட்டன் விவரித்திருக்கிறார். காரைக்கு என்று எடுத்துக்கொண்டால் 2011இல் வெளிவந்த ஆய்வு முக்கியமானது. அதில் இரண்டு புதிய சுறா இனங்களுக்குப் பெயரிடப்பட்டது: கிளாடியோசெர்ராடஸ் மேக்னஸ், ட்வார்டியஸ் சூடிண்டிகஸ். பின்னதன் பெயரிலேயே தென்னிந்தியா இருக்கிறது. நம் ஓடைக்கரையில் கிடைத்த ஒரு பல் உலக அறிவியலில் இந்த நிலத்தின் பெயரோடு நிற்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

களத்தில் எளிதாகப் பிரித்தறியக்கூடியவை சில உண்டு. சீப்பு போல ஒரே வேரில் பல கூர்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றால் அது கிளாடியோசெர்ராடஸ் சேர்ந்த குழு. விளிம்பு வழுவழுப்பாக இருந்து, நடுக்கூரின் இரு பக்கமும் முக்கோணமான ஒரு ஜோடிச் சிறு கூர்கள் இருந்தால் கிரெட்டலாம்னாவை நினைக்கலாம். கூர் ஒரு பக்கமாக வளைந்து சாய்ந்து, இன்றைய புலிச்சுறாவின் பல்லை நினைவூட்டினால் ஸ்குவாலிகோராக்ஸ். இந்தக் கடைசிப் பேரினத்தில் ஒரு சிக்கல் உண்டு: பிற்கால இனங்களில் ரம்ப விளிம்பு நன்றாகத் தெரியும், காலத்தால் முந்தியவற்றில் அது மங்கலாகவோ அறவே இல்லாமலோ இருக்கலாம். ரம்பம் இல்லை என்பதாலேயே ஸ்குவாலிகோராக்ஸ் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தட்டையாக, மேலே வரி வரியாக இருக்கும் ஒரு கட்டையான கல் கிடைத்தது. இதைப் பல் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். அது டைக்கோடஸ் என்ற சுறாவின் பல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கிழிப்பதற்கான பல் அல்ல அது, நொறுக்குவதற்கானது. பல்முடி சதுரத்துக்கு அண்மையான வடிவத்தில் இருக்கும். அதன்மேல் குறுக்காக வரிகள் ஓடும். இந்தப் பற்கள் வாயில் தளக்கல் பதித்தது போல் நெருங்கி அமைந்திருந்தன. காரைப் படுகையில் டைக்கோடஸ் டெக்கரன்ஸ் என்ற இனம் கிடைத்திருப்பது 2012இல் அறிவிக்கப்பட்டது. அந்த இனத்தில் வரிகள் நடுவோடு நின்றுவிடாமல் ஓரம் வரை இறங்கிப் போகும்.

நீண்ட காலம் இந்தச் சுறாவின் உடல் எப்படி இருந்தது என்பது தெரியாமலே இருந்தது. மெக்சிகோவின் வல்லெசில்லோவில் கிடைத்த முழு உடல் படிவங்களை 2024இல் விவரித்த பிறகே, அது வெள்ளைச் சுறா அடங்கிய வரிசையைச் சேர்ந்தது என்பதும், கடலடியில் கிடக்காமல் வேகமாக நீந்திய உடல்வாகு கொண்டது என்பதும் தெளிவாயின. பல்லை மட்டும் பார்த்து உடலை ஊகித்தால் எவ்வளவு தவறு நேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

என் மகன் இது மெகலடான் பல் என்று உறுதியாகச் சொல்கிறான். இருக்குமா?

காரையிலோ அரியலூரிலோ கிரெட்டேசியப் பாறையிலிருந்து எடுத்திருந்தால் இருக்க முடியாது. மெகலடான் என்ற அழிந்துபோன பெருஞ்சுறா வாழ்ந்தது ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகள் முதல் 36 லட்சம் ஆண்டுகள் முன்பு வரை. கிரெட்டேசியக் காலமோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இந்தியாவில் மெகலடான் காலத்துச் சுறாப் பற்களைத் தேட வேண்டுமென்றால், ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பாரிபாதா போன்ற மயோசீன் படுகைகளுக்குப் போக வேண்டும்.

மெகலடான் பல்லின் அடையாளங்கள் தெளிவானவை: உறுதியான முக்கோண வடிவம், சீரான நுண் ரம்ப விளிம்பு, நாக்குப் பக்கத்தில் பல்முடிக்கும் வேருக்கும் இடையே ‘V’ வடிவில் இறங்கும் கருத்த பட்டை. மிகப் பெரியவை 18 செ.மீ. வரை வளர்ந்தவை. காரைப் பற்களில் பெரும்பாலானவை விரல்நகத்தின் அளவே. பையனின் ஆர்வத்தைக் குறைத்துவிட வேண்டாம். அவன் கையில் இருப்பது மெகலடானைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது என்று சொல்லுங்கள்.

கறுப்பாக இருந்தால் மிகப் பழையது, வெளுப்பாக இருந்தால் புதியது என்கிறார்களே?

நிறம் வயதைச் சொல்வதில்லை. புதைந்த இடத்தில் ஊறிய நீரில் என்ன கனிமம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. பாஸ்பேட் நிறைந்த படிவில் கறுப்பாகும், இரும்பு உள்ள படிவில் செம்பழுப்பாகும். ஒரே ஓடையின் இரண்டு கரைகளில் இரண்டு நிறங்கள் கிடைப்பது இயல்பு. இன்றைய சுறாப் பல் வெள்ளையாக இருக்கும் என்பது மட்டும் உண்மை. வயதைச் சொல்வது பாறைப் படுகை. அந்தப் படுகையில் உடன் கிடைக்கும், சுருள் ஓடுடைய அம்மோனைட் போன்ற உயிரினங்கள் அதை உறுதிப்படுத்தும்.

அப்படியானால் கார்பன் சோதனை செய்து வயதைக் கண்டுபிடிக்கலாமே?

முடியாது. கார்பன் முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரைதான் பயன்படும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தக் கார்பன் எதுவும் மிஞ்சாது. முந்தைய பதிலில் சொன்னதுபோல் படுகையே வழி.

ஒரே இடத்தில் நேராக நிற்கும் ஒரு பல்லும், சாய்ந்த ஒரு பல்லும் கிடைத்தன. இரண்டு வகைச் சுறாக்களா?

ஒரே சுறாவின் வாயாகவே இருக்கலாம். பெரும்பாலான சுறாக்களில் முன்பற்கள் உயர்ந்து நிமிர்ந்தும், பக்கப் பற்கள் அகன்று சாய்ந்தும், கடைவாய்ப் பற்கள் குட்டையாகவும் இருக்கும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் வேறுபடும், குட்டிச் சுறாவின் பல்லும் முதிர்ந்ததன் பல்லும் வேறுபடும். மீன் ஏலம் விடும் துறைமுகங்களில் சட்டப்படி பிடிக்கப்பட்ட ஏதேனும் ஒரு சுறாவின் தாடையை ஒருமுறை நின்று பார்த்தால், எத்தனை படங்கள் பார்த்தும் வராத தெளிவு வரும்.

பழைய அறிஞர்கள் இந்த மாறுபாட்டை அறியாமல் ஒரே சுறாவுக்குப் பல பெயர்கள் வைத்ததும் உண்டு. ஆகவே வடிவ வேறுபாட்டைக் கண்டதும் முதலில் வாயில் அதன் இடம் எது என்று கேளுங்கள், பிறகு இனத்தைக் கேளுங்கள்.

பல்லின் நீளத்தை வைத்துச் சுறாவின் நீளத்தைச் சொல்ல முடியுமா?

இன்று வாழும் நெருங்கிய உறவினம் இருந்து, வாயில் அந்தப் பல்லின் இடமும் தெரிந்தால் தோராயமாகச் சொல்லலாம். மேலே சொன்னதுபோல் ஒரே வாயில் சிறிதும் பெரிதுமாகப் பற்கள் இருப்பதால், ஒற்றைப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டர் கணக்குச் சொல்வது பொறுப்பான செயல் அல்ல. டைக்கோடஸ் போன்ற, இன்று நெருங்கிய உறவினம் இல்லாத சுறாக்களில் இன்னும் கவனம் வேண்டும்.

நான் நாள் முழுவதும் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

நின்றபடி தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பற்களில் பெரும்பகுதி சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை. மழைக்குப் பிறகு, களிமண் கரைந்து கனமான பொருள்கள் மட்டும் தங்கியிருக்கும் சிற்றோடைகளின் திருப்பங்களில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு சதுர அடியைப் பத்து நிமிடம் பாருங்கள். பளபளப்பைத் தேடுங்கள், வடிவத்தை அல்ல.

ஆய்வாளர்கள் சல்லடை முறையைக் கையாள்கிறார்கள். படுகையிலிருந்து சிறிதளவு களிமண்ணை எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு நீரில் ஊறவிட்டால் அது தானே குழைந்து கரையும். ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசி, தங்கியதைக் காயவைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி லென்ஸ் வழியாகப் பொறுக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. ஆனால் சிறிய சுறாக்களையும் திருக்கைகளையும் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இப்படிப் பொறுக்கப்பட்டதே.

எப்படிச் சுத்தம் செய்வது? வினிகரில் போடலாமா?

போடாதீர்கள். அமிலம் குறித்து இரண்டாம் கேள்வியில் சொன்ன எச்சரிக்கை வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் பொருந்தும். நல்ல தண்ணீர், மென்மையான பழைய பல்துலக்கி, நிழலில் உலர்த்தல் ஆகிய மூன்றே போதும். வேரில் ஒட்டியுள்ள கெட்டியான மண்ணைக் குத்தி எடுக்க வேண்டாம்; அந்த மண்ணே எந்தப் படுகை என்பதற்குச் சான்று. வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவதும் கூடாது. விரிசல் விட்ட பல்லுக்கு அருங்காட்சியகங்கள் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு என்ற பிசினைப் பயன்படுத்துகின்றன. தேவைப்பட்டால் அதை மீண்டும் கரைத்து நீக்கிவிடலாம் என்பதே அதன் சிறப்பு.

பல் கிடைத்த படுகையின் வயதுதான் பல்லின் வயது என்று எப்போதும் சொல்ல முடியுமா?

எப்போதும் முடியாது. பாஸ்பேட் பற்கள் உறுதியானவை. பழைய படுகை அரிக்கப்படும்போது அவை வெளிவந்து உருண்டு, இளைய படுகையில் மறுபடி புதையலாம். விளிம்புகள் மழுங்கி, வேர் தேய்ந்து, கூழாங்கல் போல் வழவழப்பாகியிருந்தால் இந்த ஐயம் எழ வேண்டும். ஒரே படுகையில் சில பற்கள் கூர்மையாகவும் சில உருண்டும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள்.

மனிதர் செய்யும் இடமாற்றமும் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் கழிவு மண்ணும் சரளையும் லாரிகளில் தொலைதூரம் போகின்றன. சாலையோரச் சரளையில் கிடைத்த பல் எங்கிருந்து வந்தது என்பதைப் பல்லை வைத்து மட்டும் சொல்ல இயலாது.

இணையத்தில் பாறையோடு ஒட்டிய ஒரு பெரிய பல் வாங்கினேன். அசல்தானா?

மொராக்கோவின் கூரிப்கா பகுதிப் பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து ஏராளமான பற்கள் உலகச் சந்தைக்கு வருகின்றன. பல் அசலாகவும், அதைச் சுற்றியுள்ள ‘பாறை’ பசையில் குழைத்த மணலாகவும் இருப்பது அடிக்கடி நடப்பது. வேர் ஒரு பல்லினுடையதும் முடி இன்னொன்றினுடையதுமாக ஒட்டப்பட்டவையும் உண்டு. லென்ஸில் பாருங்கள்: காற்றுக் குமிழிகள் தெரிந்தால் பிசின், முடியும் வேரும் சேரும் இடத்தில் நிறம் திடீரென மாறி மெல்லிய பசைக் கோடு தெரிந்தால் ஒட்டுவேலை. அசலாகவே இருந்தாலும், எடுத்த இடம் தெரியாத பல் ஆய்வுக்கு அதிகம் உதவாது.

கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

சாத்தனூர் கல்மரம், திருவக்கரை கல்மரங்கள் போன்ற தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. சுரங்கங்களுக்குள் அனுமதியின்றிப் போகக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, சரியும் விளிம்புகள் உயிரை வாங்கும். மற்ற இடங்களில் நிலத்துக்கு உரியவரிடம் கேளுங்கள்.

பாறைக்குள் பதிந்திருக்கும் எலும்பையோ, பல பற்கள் ஒன்றாக வரிசையில் இருப்பதையோ கண்டால் தோண்டாதீர்கள். ஒரு தாடையின் பற்கள் வரிசை கலையாமல் கிடைப்பது அரிது. படம் எடுத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கைப்பேசியில் குறித்து, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வகத்துக்கோ தெரிவியுங்கள்.

படம் அனுப்பினேன், ‘லாம்னா வரிசைச் சுறா, அதற்குமேல் சொல்ல இயலாது’ என்று பதில் வந்தது. சரியான பெயரைச் சொல்லக் கூடாதா?

அதுவே சரியான பதிலாக இருக்கலாம். லாம்னா வரிசை என்பது வெள்ளைச் சுறா அடங்கிய வரிசை. வேர் உடைந்து, பக்கக் கூர்கள் முறிந்து, நடுக்கூர் மட்டும் மிஞ்சிய பல்லில் இனத்தைப் பிரிக்கும் அடையாளம் எதுவும் இல்லை. அதற்கு ஓர் இனப்பெயரைச் சூட்டினால் கேட்டவருக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பெயர் ஒரு பட்டியலில் ஏறி, அந்தப் பட்டியல் இன்னொருவரின் ஆய்வில் ஏறி, அந்தச் சுறா இங்கே வாழ்ந்ததாகவே ஆகிவிடும்.

சீட்டில் இப்படி எழுதி வையுங்கள்: கிடைத்த நாள், ஊர், ஓடையின் எந்தக் கரை, படுகையின் நிறம், உடன் கிடைத்தவை, எடுத்தவர் பெயர், ‘லாம்னா வரிசை, இனம் தெரியவில்லை’. மாதிரியையும் சீட்டையும் ஒரே பொட்டலத்தில் போடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே கரையில் வேரோடு ஒரு பல் கிடைத்தால், பழைய சீட்டைப் பார்த்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.